ஆலம்பரைக் கம்மட்டமும் படிநாணயத்தின் மெய்ம்மையும்

நாணயம் என்னும் சொல் இன்றைய வழக்கில் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கின்றது. ‘அவர் நாணயமானவர்’ என்னுமிடத்துக் காசின் பண்பு மாந்தர்மேல் ஏற்றியுரைக்கப்படுகின்றது. எனவே காசு ஒன்று மெய்யா பொய்யா என்னும் வினா சேகரிப்போர்க்கு மட்டும் உரியதன்று. மொழியையும் வரலாற்றையும் ஆராய்வார்க்கும் உரியது. பழங்காசுகளின் படிகளைத் திரட்டும் வழக்கம் இந்நாளில் பெருகிவருகின்றது. அப் படிகளுக்கு மதிப்பு உண்டா, அவற்றை ஆய்வுச் சான்றாகக் கொள்ளலாமா என்னும் ஐயங்கள் மாணவரிடையே எழுகின்றன. இவ்வையங்களைத் திண்டிவனத்தைச் சூழ்ந்த நிலப்பகுதியின் வரலாறு கொண்டே தெளியலாம் என்பது எம் கருத்து. அதனை ஈண்டு விளக்குவாம்.

1. வண்ணக்கரும் நற்காசும்

காசினை நோக்கி அதன் தரம் தேர்வோனைப் பண்டைத் தமிழர் வண்ணக்கன் என்றனர். சங்கப் புலவருள் புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார் முதலியோர் இத்தொழிற்பெயர் பூண்டவராவர். காசு தேரும் தொழிலோர் பாட்டும் இயற்றினர் என்பதும், அத்தொழிற்பெயர் புலவர் பெயரோடு நின்று நிலைத்தது என்பதும் கருதத்தக்கன. வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனார் தேர்வண் மலையனைப் பாடியவர் என்பது புறநானூறு 125ஆம் பாட்டின் குறிப்பால் விளங்கும். அம்மலையர் குடியின் தலைநகராகிய திருக்கோவலூர் திண்டிவனத்திற்குத் தென்மேற்கே உள்ளது. மலையமான்களின் செப்புக் காசுகள் கிடைத்துள்ளன, அவற்றை இரா. கிருஷ்ணமூர்த்தி திரட்டி ஆராய்ந்து வெளியிட்டார்.

வண்ணக்கர் இருந்தனர் எனின், தேரவேண்டிய தீய காசும் இருந்தது என்பது பெறப்படும். சோழர் கல்வெட்டுகளில் பயிலும் ‘அன்றாடு நற்காசு’ என்னும் தொடரும் இதனையே காட்டும். வெறுங்காசு என்னாது நற்காசு என்றும், அந்நாளில் வழங்குவது என்றும் வரையறுத்து எழுதினர். பழங்காசு என்பது தனியே சுட்டப்பட்டது. பொன்னின் தூய்மையைக் குறிக்கத் ‘தீப்போக்குச் செம்பொன்’ என்றனர். முத்திரை, நிறை, மாற்று, வழக்கு என்னும் நான்கும் சேர்ந்தே ஒரு காசினை நற்காசு ஆக்கின என்பது இவ்வாட்சிகளான் அறியப்படும். இந்நான்கனையும் நினைவிற் கொண்டு மேற்செல்வாம்.

2. ஒப்புநாணயம் போலியாகாமை

ஓர் அரசின் காசினைப் பிறிதோர் அரசு ஒத்து அடிப்பது உலகெங்கும் நிகழ்ந்ததொன்று. உரோமப் பொற்காசுகளைப் பார்த்து அடிக்கப்பட்ட ஒப்புக்காசுகள் தென்னிந்தியாவில் கிடைத்துள்ளன. பிற்கால உரோமச் செப்புக் காசுகளை ஒத்த சிறுகாசுகள் இலங்கையில் மிகுதியாகக் கிடைக்கின்றன. காட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலில் அவற்றை ஆராய்ந்துள்ளார். முதலாம் இராசராசன் பெயர் பொறித்த காசில் ஒருபுறம் நின்ற மாந்தர் உருவமும் மறுபுறம் அமர்ந்த உருவமும் உள்ளன. இவ்வமைப்பினை ஈழத்துச் சிங்கள வேந்தர் தம் பெயரை மட்டும் மாற்றிப் பலதலைமுறை பின்பற்றினர். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி முதலியோர் காசுகள் இதற்குச் சான்று. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் ‘சேது’ என்னும் எழுத்தும் விடையும் பொறித்து வெளியிட்ட காசுகளிலும் அந்நின்ற உருவத்தின் வழியினைக் காணலாம். சோழரை எதிர்த்து ஆட்சியை மீட்டவரே சோழர் காசின் உருவத்தைக் கைவிடாமை நோக்கத்தக்கது. மக்கள் கைக்குப் பழகிய உருவமே சந்தையில் செல்லும் என்பது அதற்குக் காரணமாதல் வேண்டும்.

இக்காசுகளைப் போலி எனல் பொருந்தாது. இவற்றை அடித்தோர்க்கு அதிகாரம் உண்டு. இவை பண்டத்திற்கு ஈடாக வழங்கின. உருவத்தால் படி, வழக்கால் மூலம். இத்தகையவற்றை யாம் ஒப்புநாணயம் என வழங்குவாம்.

3. ஆலம்பரையும் ஆர்க்காட்டு ரூபாயும்

ஒப்புநாணயத்திற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு எம் பகுதியிலேயே உள்ளது. திண்டிவனத்திற்கு வடகிழக்கே, மரக்காணத்திற்கு வடக்கே, கடப்பாக்கத்தை அடுத்த கடற்கரையில் ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. இன்று அது செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. நவாபுகள் காலத்தில் அது துறைமுகமாகவும் கம்மட்டம் உடைய இடமாகவும் விளங்கிற்று. 1750இல் முசாபர் சங் அதனைப் பிரெஞ்சுக்காரர்க்கு அளித்தார். 1760இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி அழித்தனர்.

பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ரூபாய் அடிக்கும் உரிமையை 1736இல் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலிகானிடமிருந்து பெற்றனர். அக்காலத்து ஆளுநர் தூமா. ஆலம்பரையோடு தொடர்புடைய இமாம் சாகிபு அவ்வுரிமை கிடைத்தற்கு இடைநின்றார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அவ்வாண்டில்தான் தொடங்குகின்றது. அதன் தொடக்கப் பகுதியிலேயே கம்மட்டச் செய்தி பேசப்படுகின்றது. தமிழ் உரைநடை வரலாற்றில் சிறந்த இடம்பெறும் ஒரு நூல் நாணயச் செய்தியோடு தொடங்குதல் கருதத்தக்கது. 1742இல் ஆங்கிலேயரும் சென்னையில் ஆர்க்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றனர்.

இவ்வுரிமைக்காக ஐரோப்பியர் முயன்றமைக்குக் காரணம் யாது? கப்பலில் வந்த வெள்ளிக் கட்டியையும் அயல்நாட்டு வெள்ளிக்காசையும் நாட்டுச் சராப்புகள் வட்டம் பிடித்தே ஏற்றனர். நவாபின் ஊர்ப்பெயர் பொறித்த ரூபாயோ நெசவாளர் முதல் தரகர் வரை எல்லாரிடமும் செல்லுபடியாயிற்று. வங்காளத்துத் துணி வாணிகத்திலும் ஆர்க்காட்டு ரூபாய்க்கு மதிப்பிருந்தது. வெள்ளியைத் தாமே ரூபாயாக்கினால் வட்டம் மிஞ்சும். அடிகூலியும் தமக்கே வரும்.

ஆதலின் புதுச்சேரியில் அடித்த ரூபாயில் பிரெஞ்சு அரசன் பெயர் இல்லை. தில்லிப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயரும் ஆர்க்காடு என்னும் ஊர்ப்பெயருமே பாரசீக எழுத்தில் உள்ளன. பிறைக்குறி ஒன்றே அது புதுச்சேரியது எனக் காட்டும். சென்னைக் கம்மட்டத்து ரூபாயில் தாமரைப்பூக் குறி உண்டு. அதில் இரண்டாம் ஆலம்கீர் பெயரும், இசுலாமிய ஆண்டு 1172உம், ஆட்சியாண்டு 6உம் பொறிக்கப்பட்டன. அவ்வரசர் 1759இல் இறந்துபட்டார். ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஆங்கிலேயர் அதே பெயரையும் அதே ஆண்டையும் பொறித்து வந்தனர். காசின்மேல் எழுதிய ஊர் பொய், அரசன் பெயர் பழையது, ஆண்டு கடந்தது. ஆயினும் நிறையும் மாற்றும் ஒழுங்காக இருந்தமையின் அது நற்காசாகவே வழங்கிற்று. ஆசுத்திரிய அரசி மரியா தெரேசாவின் வெள்ளிக்காசு அவர் இறந்த 1780ஆம் ஆண்டையே தாங்கிப் பிற்காலத்தும் பல நாடுகளில் அடிக்கப்பட்டமை இதனோடு ஒப்பிடத்தக்கது. அக்காசு 20ஆம் நூற்றாண்டில் பம்பாய்க் கம்மட்டத்திலும் அடிக்கப்பட்டது.

இதனால் பெறப்படும் உண்மை யாதெனின், காசின் எழுத்து மட்டும் அதன் காலத்தையும் இடத்தையும் நிறுவாது என்பதாம். கல்வெட்டின் பாடம் படித்துக் காலம் துணியும் பழக்கமுடைய தமிழாய்வாளர் இதனை மறத்தல் கூடாது. 1172 என்னும் ஆண்டை நம்பி 1759இன் பொருளியல் நிலையை உரைப்பவர், அரைநூற்றாண்டுக்குப் பின் அடித்த காசினைச் சான்று காட்டினராவர்.

4. ஏட்டுப்படியும் நாணயப்படியும்

இனி, இக்காலத்துப் படிநாணயத்தைக் காண்பாம். தமிழ் மாணவர் ஒருவர் எம்மை நோக்கி, ‘சங்க நூல்கள் அனைத்தும் படியெடுத்த ஏடுகளால் வந்தனவே, மூல ஏடு ஒன்றும் இல்லை. அவற்றை ஏற்கும் நீவிர் நாணயத்தின் படியை ஏலாமை என்னை?’ என வினவலாம். வினா நன்று. ஆனந்தரங்கர் நாட்குறிப்பின் பகுதிகள் சிலவற்றை யாம் இன்று படிகளின் வாயிலாகவே அறிகின்றோம்.

விடை வருமாறு: செய்யுளின் உயிர் அதன் சொல்லில் உள்ளது. சொல் ஓர் ஏட்டினின்று பிறிதோர் ஏட்டிற்குச் செல்லும். பிழை நேரினும் பல ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்தலாம். நாணயத்தின் சான்று அதன் எழுத்தில் ஒருபங்கே உள்ளது. எஞ்சியது உலோகத்திலும், நிறையிலும், அச்சின் தேய்விலும், கைமாறிய வடுவிலும், கிடைத்த மண்ணிலும் உள்ளது. படி இவற்றுள் எழுத்தையும் உருவத்தையும் மட்டுமே கொண்டுவரும். ஆகலின் உருவம் கற்பிக்கப் படி போதும். பொருளியல் வரலாறு கூறப் படி போதாது.

படிக்கு மதிப்பு இல்லை என்பார் கூற்றும் பொருந்தாது. பிரித்தானிய அருங்காட்சியகத்திற்காக இராபர்ட்டு கூப்பர் ரெடி என்பார் 19ஆம் நூற்றாண்டில் மின்முலாம் முறையால் பழங்காசுகளின் படிகளைச் செய்தார். அவற்றின் விளிம்பில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்தார். அப்படிகள் பல நாட்டுக் கல்விக்கூடங்களில் பாடப்பொருளாயின; இன்று அவையே சேகரிப்பாளர் நாடும் பொருளாயின. பதுவா நகரத்துக் கவினோ 16ஆம் நூற்றாண்டில் உரோமப் பதக்கங்களை ஒத்துச் செய்தவை கலைப்பொருளாக மதிக்கப்படுகின்றன. மறுபுறத்தில், செருமானியராகிய பெக்கர் (1772–1830) தாம் அடித்த காசுகளைப் பழமை தோன்றச் செய்து விற்றார். திறத்தால் அவர் ஏனையோர்க்குக் குறைந்தவரல்லர். வேறுபாடு கையினது அன்று, செய்தவன் கூற்றினது. தான் படி என்று தன்மேல் எழுதிக்கொண்டது படிநாணயம். அதனை மறைத்தது கள்ளநாணயம். அமெரிக்க நாடு 1973இல் இயற்றிய சட்டத்தால் படிநாணயங்களின்மேல் படி என்னும் சொல்லைப் பொறித்தல் வேண்டும் என விதித்ததும் இக்கருத்துப்பற்றியே.

5. புனைநாணயம்

நான்காவது வகை ஒன்று உண்டு. ஒருபோதும் இல்லாத காசினை இருந்ததுபோல் ஆக்குவது அது. இராமர் பட்டாபிடேகம் பொறித்த இராமடெங்கா என்னும் வட்டுகள் வழிபாட்டிற்கும் தலப்பயண நினைவிற்கும் உரியன; பூசையறையில் வைக்கத்தக்கன; காசாக வழங்கியன அல்ல. இதனோடு மயங்கிக் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரும் 1818 என்னும் ஆண்டும் அணா மதிப்பும் தெய்வ உருவமும் கொண்ட செப்பு வட்டுகள் சந்தையில் உலவுகின்றன. அரிய காசு எனப் பெருவிலைக்கு இவற்றை வாங்கி ஏமாறுவோர் உளர்.

இவற்றின் பொய்ம்மையைக் காட்ட உரைகல் வேண்டா, வரலாறே போதும். 1818இல் சென்னை மாகாணத்தில் வராகன் கணக்கு நீங்கி, வெள்ளி ரூபாய் அடிப்படையாயிற்று. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என வரையறுக்கப்பட்டது. மாகாணங்கள் அனைத்திற்கும் ஒரேவகை நாணயம் 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. அதன்படி 180 கிரெயின் நிறையுள்ள ரூபாயில் ஆங்கில அரசன் தலையுரு பொறிக்கப்பட்டது. கும்பினியின் அப்பொது நாணய வரிசையிலும் ஓரணாக் காசு இல்லை. அக்காசு 20ஆம் நூற்றாண்டில் ஏழாம் எட்வர்டு காலத்தில்தான் தோன்றியது. ஆகவே 1818 ஓரணா என்பது நாணய வரலாறு அறியாதார் செய்த புனைவேயாம்.

6. தேரும் நெறி

வார்த்த போலிக்கு விளிம்பில் இணைப்புக் கோடும், பரப்பில் நுண்குமிழிகளும் காணப்படும். எழுத்தின் கூர்மை மழுங்கும். அச்சால் அடித்த காசில் உலோகம் விளிம்பு நோக்கி ஓடிய வரிகள் இருக்கும். இரண்டு காசுகளில் ஒரே கீறலும் ஒரே தேய்வும் ஒரே இடத்தில் அமைந்தால் இரண்டனுள் ஒன்றேனும் வார்ப்பாதல் ஒருதலை. வழக்கத்தால் நேரும் தேய்வு காசுதோறும் வேறுபடும். நிறையும் ஒப்படர்த்தியும் உலோகக் கலப்பை உணர்த்தும். பொருளைச் சிதைக்காமல் கலப்பை அளக்கும் எக்ஸ் கதிர் முறையும் இன்று உண்டு. எனினும் அது மேற்பரப்பினையே அளப்பது. பழைய செம்பை உருக்கி அடித்த போலியை அதுவொன்றே காட்டிக்கொடாது.

இவையனைத்தினும் சிறந்த சான்று கிடைத்த இடமே. அகழாய்வில் மண்ணடுக்கோடு கிடைத்த தேய்ந்த காசு, இடம் அறியா அழகிய காசினும் ஆய்வாளர்க்குப் பயன் மிக்கது. 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியர்க்கு அறிவித்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் நூறாண்டு கடந்த காசினைத் தொல்பொருள் என்றே கொள்கின்றது. இவற்றைப் புறக்கணித்து ஆற்றுப்படுகையிலும் மேட்டிலும் எடுத்த காசு கைமாறும்போது அதன் ஊர் அழிந்துபோகின்றது. போலிக்கு இடம் தருவது அவ்வழிவேயாம். மெய்க்காசுக்கும் ஊர் இல்லை, பொய்க்காசுக்கும் ஊர் இல்லை என்றால் இரண்டனையும் பிரிப்பது யாங்ஙனம்?

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் நாணயங்களை நான்காகப் பகுத்து உணர்தல் வேண்டும் என்பது போதரும். ஒப்புநாணயம் முழுமையான வரலாற்றுச் சான்று. ஆர்க்காட்டு ரூபாய் அதற்குச் சான்றாம். படிநாணயம் கல்விக்கருவி; கள்ளநாணயம் செய்தவன் காலத்திற்கு மட்டும் சான்று; புனைநாணயம் மக்கள் நம்பிக்கைக்கும் சந்தையின் சூழ்ச்சிக்கும் சான்று. எனவே ‘இது மெய்யா’ எனக் கேட்பதினும், ‘இது எதற்கு மெய்’ எனக் கேட்டலே ஆய்வு முறையாகும்.

படிநாணயம் திரட்டும் மாணவரை யாம் தடுப்பேம் அல்லேம். ஏழை மாணவர் ஒருவர் இராசராசன் காசின் உருவினைக் கையில் வைத்துப் பயில அதுவே வழி. மூலத்தைத் தேடிச் சட்டத்திற்குப் புறம்பாக வாங்குவதினும் அது மேலானது. ஆயின் அட்டவணையில் அதனைப் படி என்றே எழுதுக. ஆய்வேட்டில் அதன் நிறையை மூலத்தின் நிறையாகக் காட்டற்க. இடமறியாக் காசினைக்கொண்டு புது முடிபு நாட்டற்க. ஆலம்பரை, செஞ்சி, திருக்கோவலூர், மரக்காணம் ஆகியவற்றைச் சூழ்ந்த ஊர்களில் வீடுகளிலும் கோயில்களிலும் உள்ள காசுகளுக்குக் கிடைத்த இடத்தோடு கூடிய பட்டியல் ஒன்று இப்பகுதிக் கல்லூரித் தமிழ்த்துறையினரும் வரலாற்றுத்துறையினரும் கூடித் தொகுத்தல் வேண்டும். காசினை வாங்காமல், நிறுத்து, படமெடுத்து, உடையவரிடமே திரும்பத் தந்து அப்பணியைச் செய்யலாம். வண்ணக்கர் என்னும் பெயரைப் புலவர் பெயரோடு இணைத்துப் போற்றிய மொழியின் மாணவர்க்கு அது தகுதியான பணியாம். அறிஞர் ஆய்ந்து கொள்க.