பனியும் படமும்: ஒரு விளம்பரப் பலகையின் வரலாறு

பனிச்சறுக்குப் பந்தயமொன்றை வேலியோரம் நின்றபடி முழுமையாகப் பார்த்துவிட எவராலும் இயலாது. ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூயல் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் புகழ்பெற்ற சரிவுப் பந்தயத்தின் பாதை மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீள்வது. அங்கே நிற்பவருக்குக் கிட்டுவது ஒரு வளைவும் ஓரிரு நொடிகளும் மட்டுமே. மீதி அனைத்தையும் காட்டுவது கேமரா. ஆகவே, இவ்விளையாட்டு மற்ற விளையாட்டுகளைவிடக் கூடுதலாகப் படத்தை நம்பியே வளர்ந்தது எனலாம். அந்தப் படம் யாருக்குச் சொந்தம், அதனால் வரும் பொருள் யாருக்குச் சேரவேண்டும் என்னும் வழக்கு இன்றைய சமூக வலைத்தளங்களோடு பிறந்ததன்று. அதன் வேர்களைச் சற்றே தேடிப் பார்ப்போம்.

நிலவியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜெர்மானியரான ஆர்னால்ட் ஃபாங்க் 1920இல் பனிச்சறுக்கின் அற்புதத்தைப் பற்றி ஒரு திரைப்படம் எடுத்தார். அவருடைய படங்களில் சறுக்கியவர் ஹான்னெஸ் ஷ்னைடர். ஆல்ப்ஸ் மலையின் ஆர்ல்பெர்க் பகுதியில் சறுக்குப் பள்ளி நடத்திவந்த அவரது முறை உலகெங்கும் பரவியதில் அப்படங்களுக்குப் பெரும் பங்குண்டு. உலகக் கோப்பைப் பந்தயத் தொடரின் கதையும் இதையொத்ததே. 1967இல் தொடங்கிய அத்தொடரை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் செர்ஜ் லாங் என்னும் பத்திரிகையாளர். செய்தி எழுதுபவரின் கையிலிருந்தே போட்டியின் வடிவம் பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது.

இனி 1968ஆம் ஆண்டுக்கு வருவோம். பிரான்சின் கிரெனோபிள் நகரில் நடந்த அவ்வாண்டின் குளிர்கால ஒலிம்பிக், வண்ணத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான முதல் குளிர்கால ஒலிம்பிக். சறுக்குப்பலகையில் பொறித்த நிறுவனப் பெயர் இப்போது வண்ணத்தில் வீடுதோறும் தெரியலாயிற்று. ஊதியம் பெறாத ஆட்டமே தூய ஆட்டம் என்று நம்பிய ஒலிம்பிக் குழுத் தலைவர் ஆவெரி பிரண்டேஜ், அப்பெயர்களை அழிக்க வேண்டுமென்றார். வீரர்கள் இசையவில்லை. இறுதியில் ஒரு சமரசம் பிறந்தது: பந்தயம் முடிந்தவுடன், படமெடுப்பதற்கு முன்பே, பலகைகளை வீரரிடமிருந்து வாங்கிவிடுவது. இன்று எந்தப் பந்தயத்தைப் பார்த்தாலும், எல்லைக்கோட்டைத் தாண்டிய வீரர் முதலில் செய்வது பலகையைக் கழற்றி, பெயர் தெரியும்படி கேமராவை நோக்கிப் பிடிப்பதுதான். அன்று மறைக்கச் சொன்னதை இன்று காட்டாமலிருந்தால்தான் குற்றம்.

அந்த ஒலிம்பிக்கில் பிரெஞ்சு வீரர் ழான்-குளோட் கில்லி மூன்று தங்கம் வென்றார். மூன்றாவதான ஸ்லாலம் பந்தயம் மூடுபனியில் நடந்தது. தம் பாதையில் யாரோ குறுக்கிட்டதாக முறையிட்ட ஆஸ்திரியாவின் கார்ல் ஷ்ரான்ஸ் மீண்டும் சறுக்க அனுமதி பெற்று, கில்லியை விஞ்சினார். பின்னர், முதல் முறை வாயில்களைத் தவறவிட்டாரெனத் தகுதி நீக்கப்பட்டார். ஒரே பந்தயத்தில் பிரிந்த இவ்விருவரின் வழிகளும் நம் பொருளுக்கு இரு கரைகள்.

கில்லி பந்தயங்களைத் துறந்து, மார்க் மெக்கார்மாக் என்னும் முகவர் வழியாக அமெரிக்கா சென்று, கார் நிறுவனம் முதலான பலவற்றின் முகமானார். அவர் விளம்பரத்துக்காக ஊர் ஊராகச் சுற்றியதைப் பற்றி ஹண்டர் தாம்ப்சன் எழுதிய கட்டுரையை, அதைக் கேட்டிருந்த இதழ் வெளியிட மறுக்க, 1970இல் அது வேறோர் இதழில் வந்தது. இலக்கிய அன்பர்கள் தேடிப் படிக்க வேண்டிய கட்டுரை அது. வீரன் விற்பனைப் பொருளாகும் காட்சி அதில் கசப்பும் நகைப்புமாகப் பதிவாகியிருக்கிறது.

ஷ்ரான்ஸின் வழியோ வேறு. 1972இல் சப்போரோ ஒலிம்பிக் தொடங்கவிருந்த வேளையில், 28க்கு 14 என்ற வாக்குக் கணக்கில் அவர் விலக்கப்பட்டார். காட்டப்பட்ட சான்று ஒரு படம்: கால்பந்து ஆட்டமொன்றில், காப்பி நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையணிந்து அவர் நின்ற படம். இரு முறை உலகக் கோப்பை வென்றிருந்தும் ஒலிம்பிக் தங்கம் அறியாத, முப்பத்துமூன்று வயது வீரருக்கு அதுவே கடைசி வாய்ப்பு. வியன்னாவுக்குத் திரும்பியவரை வரவேற்கப் பல்லாயிரம் மக்கள் தெருவில் திரண்டனர். அவர்களைத் திரட்டியதில் அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனத்தின் பங்கு பெரிது. ஒரு படம் அவரை வீழ்த்தியது. வேறு படங்கள் அவரை நாட்டின் நாயகனாக்கின. அதன்பின் அவர் பந்தயத்துக்குத் திரும்பவில்லை.

ஊதிய விதிகள் பின்னர் தளர்ந்தன. எனினும் வீரரின் உடல் வீரருக்கே உரியதாகிவிடவில்லை. பந்தய உடையின் இடங்களைக் கூட்டமைப்பு விற்றது. பல நாடுகளில் வீரர் தாமே விற்றுக்கொள்ளக் கிடைத்த இடம் தலை ஒன்றுதான். நார்வேயின் ஹென்ரிக் கிறிஸ்டோஃபர்சன், தம் தலைக்கவசத்தில் ரெட் புல் பெயரை அணியும் உரிமைக்காகத் தம் நாட்டுக் கூட்டமைப்பை எதிர்த்து வழக்காடினார். 2018இல் அது ஐரோப்பியச் சுதந்திர வர்த்தகக் கூட்டமைப்பின் நீதிமன்றம் வரை சென்றது. ஒரு சாண் அகலத் தலைக்கவசத்துக்காக நாடுகளுக்கிடையிலான சட்டம் பேசப்பட்டது!

இதற்கிடையில் கேமரா கைமாறியது. 2005இல் யூடியூப் வந்தது. தலைக்கவசத்தில் பொருத்தத்தக்க கோப்ரோ கருவிகள் பரவின. 2010இல் இன்ஸ்டாகிராம் வந்தது. முன்பெல்லாம், இதழில் தம் படம் நிறுவனப் பெயர் தெரிய வெளியானால் வீரருக்கு இவ்வளவு தொகை என ஒப்பந்தம் எழுதுவது வழக்கம். இதழாசிரியரும் படக்காரரும் இடையில் இருந்தனர். இப்போது அவ்விடையர் தேவையில்லை. பிரான்சின் காண்டிட் தொவெக்ஸ் முதுகெலும்பு முறிவிலிருந்து மீண்டவர். பந்தயமேதுமின்றி, தம் தலைக் கேமராவில் பதிந்த ஓட்டங்களை 2013இலும் 2015இலும் இணையத்தில் வெளியிட்டு, கோடிக்கணக்கான பார்வைகளை ஈட்டினார். கார் நிறுவனம் அவரைத் தேடிவந்து, பனியே இல்லாத புல்லிலும் கல்லிலும் சறுக்க வைத்து விளம்பரம் எடுத்தது.

அதிகார அமைப்புகளும் இறங்கிவர நேர்ந்தது. போட்டிக் காலத்தில் வீரர் தம் சொந்தப் புரவலரின் விளம்பரத்தில் தோன்றக்கூடாதென்ற ஒலிம்பிக் விதி 40ஐ எதிர்த்து, 2012இல் வீரர்கள் சமூக வலைத்தளங்களிலேயே குரலெழுப்பினர். 2019இல் ஜெர்மானியப் போட்டி ஒழுங்காணையம் தலையிட, அவ்விதி மேலும் தளர்ந்தது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்ற ஐலீன் கூவின் அவ்வாண்டு வருமானத்தை ஃபோர்ப்ஸ் இதழ் ஏறத்தாழ 2 கோடி டாலர் என மதிப்பிட்டது. அதில் போட்டிப் பரிசாக வந்தது மிகச் சொற்பம். பிரண்டேஜ் அஞ்சியது முழுமையாக நடந்தேறிவிட்டது. ஆயின், அதனால் ஆட்டம் அழிந்துவிடவில்லை என்பதையும் நாம் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

அழிவது வேறொன்றாக இருக்கக்கூடும். அமெரிக்காவின் பனிச்சரிவு விபத்துகள் 715ஐ ஆராய்ந்து இயன் மக்கேமன் 2004இல் எழுதிய ஆய்வு, தேர்ந்தவர்களையும் தவறச் செய்யும் மனப்பொறிகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று, பிறர் மெச்சவேண்டும் என்னும் விழைவு. இன்ஸ்டாகிராம் தோன்றும் முன்பே எழுதப்பட்ட ஆய்வு அது. மெச்சுவோர் தொகை அன்று உடன்வந்த நால்வர். இன்று நாற்பது லட்சம். ஷேன் மெக்காங்கி என்னும் மாபெரும் சறுக்காளர் அகலப் பலகைகளை வடிவமைத்து மென்பனியில் சறுக்கும் முறையையே மாற்றியவர். திரைப்படங்களின் வழியே புகழ் பெற்ற அவர், 2009 மார்ச்சில் இத்தாலியின் டோலமைட் மலைகளில், பாறையிலிருந்து பலகையோடு குதித்தபோது பலகை கழலாமல் உயிர்நீத்தார். அவரைக் கொன்றது விளம்பரம் என்று சொல்வது நியாயமன்று. அவர் விரும்பிச் செய்தது அது. எனினும், அடுத்த படம் முந்தைய படத்தைவிட உயரமாக இருக்கவேண்டும் என்னும் வாணிகத்தில், விருப்பம் எங்கே முடிந்து கடமை எங்கே தொடங்குகிறது என்பதை வீரரே கூட அறிவாரா?

ஷ்ரான்ஸை ஒரு படம் விலக்கிவைத்தது. இன்றைய இளம் வீரரைப் படமின்மை விலக்கிவைக்கிறது. தம் முகத்தின் உரிமையை ஐம்பதாண்டுப் போராட்டத்தில் வென்றெடுத்தவர்கள், அம்முகத்தை நாள்தோறும் காட்டிக்கொண்டே இருக்கும் பொறுப்பையும் சேர்த்தே வென்றிருக்கிறார்கள். அன்று, படத்துக்காக நிற்காதே என்று தடுக்க ஒரு பிரண்டேஜ் இருந்தார். அவர் தடுத்தது தவறான காரணத்துக்காக. இன்று, இந்தச் சரிவு வேண்டாம், இறங்காதே என்று சரியான காரணத்துக்காகத் தடுக்கவேண்டியவர், கேமராவைத் தலையில் சுமந்து நிற்கும் அந்த ஒருவரே.