‘சமூக ஒப்பந்தம்’: ஒரு தலைப்பும் மூன்று சொற்களும்

அரசியல் சிந்தனையாளர்களான ஹாப்ஸ், லாக், ரூசோ மூவரும் ‘சமூக ஒப்பந்தம்’ என்றே எழுதினர் எனத் தேர்வுக் குறிப்பேடுகள் ஓதிவருவது பிழை. ஒப்பந்தம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சொற்கள் மறைந்து கிடக்கின்றன.

ஹாப்ஸ் ‘லெவியதான்’ (1651) நூலில் பெரிதும் ஆள்வது ‘காவனன்ட்’. அதன் 14ஆம் அதிகாரம் இதைப் பிரித்தே காட்டுகிறது. இருவர் தம் உரிமையை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது கான்ட்ராக்ட். ஒருவர் தம் பங்கைச் செலுத்திவிட்டு, மற்றவர் பிறகு செலுத்துவார் என்று நம்பிக் காத்திருந்தால் காவனன்ட். காசு கொடுத்துக் கையோடு கத்தரிக்காய் வாங்குவது வேறு. நடவுக்கு முன்பே பணம் கொடுத்து அறுவடையில் நெல் கேட்பது வேறு. ஹாப்ஸின் காவனன்டைக் குடிகள் தமக்குள் செய்துகொள்கின்றனர். இறையாளர் அதில் தரப்பினரே அல்லர். எனவே அவர் அதை மீறினார் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆனால் தன்னைத் தாக்க வருவோரைத் தடுக்கும் உரிமை எவராலும் விட்டுத்தர இயலாதது.

காவனன்ட் ‘கூடிவருதல்’ என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். தமிழ் விவிலியம் அதை உடன்படிக்கை என்கிறது. 1638இல் ஸ்காட்லாந்தினர் அப்பெயரால் உறுதிமொழி எடுத்தனர். ஆனால் கடவுளோடு நேரே உடன்படிக்கை செய்ததாகச் சொல்வதை ஹாப்ஸ் பொய் என்றே தள்ளினார்.

‘மூல ஒப்பந்தம்’ என்ற தொடரை அரசியல் ஆயுதமாக்கியது 1689 ஜனவரித் தீர்மானம். மன்னருக்கும் மக்களுக்கும் இடையிலான மூல ஒப்பந்தத்தை இரண்டாம் ஜேம்ஸ் முறித்தார் என்று இங்கிலாந்தின் மக்களவை அதில் குற்றம் சாட்டியது. அவ்வாண்டே வெளிவந்த லாக்கின் ‘இரு ஆய்வுரைகள்’ (முகப்பில் 1690) சமூகம் உருவாவதற்குப் பெரும்பாலும் ‘காம்பாக்ட்’ என்கிறது, அரசுக்கோ ‘டிரஸ்ட்’. பிறர் உடைமையை அவர் நலனுக்கே காக்கும் பொறுப்பு அது. உயிர், சுதந்திரம், உடைமை ஆகியவற்றின் மீதான உரிமை அரசுக்கு முந்தியது. பொறுப்பில் தவறினால் அதிகாரம் மக்களிடமே மீளும்.

‘காம்பாக்ட்’டில் உள்ள ‘பாக்ட்’, அமைதியைக் குறிக்கும் லத்தீன் ‘பாக்ஸ்’ஸிலிருந்து பிறந்ததால் ஒப்பந்தத்தின் சாரமே அமைதி என்பது வெற்று வாதம். இரண்டும் உடன்பிறப்புகள், பொது வேரின் பொருள் பிணைத்தல்.

தலைப்பில் ரூசோவே தடுமாறினார். தம் நூலின் ஜெனீவாக் கையெழுத்துப்படியில் ‘சமூக ஒப்பந்தம்’ என்று எழுதி, அடித்து, ‘குடிமைச் சமூகம்’ என்று மாற்றி, மீண்டும் பழைய தலைப்புக்கே திரும்பியிருக்கிறார். 1762இல் அச்சேறியது அதுவே. ஆனால் அவருடைய ஒப்பந்தத்தில் ஒவ்வொருவரும் தம் உரிமைகள் அனைத்தோடும் தம்மைச் சமுதாயத்திடம் ஒப்படைக்கிறார். தனிமனித உரிமைக்கு மூலம் தேடுவோர் இந்தத் தலைப்பை விட்டு, லாக்கின் ‘டிரஸ்ட்’டிலேயே தேட வேண்டும்.