தலையணை உறைக்கு அபராதம் போட்ட காலம்

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் டீ குடிக்கும்போது படியுங்கள்.

லீவுக்கு வந்திருந்த பேத்தி போன வாரம் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஆயா, சோபா தலையணைக்கு உறை தைக்கணும். ஈஸியா இருக்கணும். ஜிப் எல்லாம் வேணாம்" என்றாள். பொதட்டூர்பேட்டையில் துணிக்கா பஞ்சம்? பீரோவில் கட்டம் போட்ட புது லுங்கி ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

பதினாறு அங்குலத் தலையணைக்கு முப்பத்தொன்பது அங்குல நீளம், பதினேழு அங்குல அகலம் வெட்ட வேண்டும். இரண்டு முனைகளையும் அரை அங்குலமாக இரண்டு முறை மடித்துத் தையுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி, இரு முனைகளும் நடுவில் ஐந்து அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி மடித்துப் போட்டு, இரண்டு ஓரங்களிலும் அரை அங்குலம் விட்டுத் தைத்துத் திருப்பினால் முடிந்தது. பின்பக்கத் திறப்பு வழியாகத் தலையணையை நுழைக்கலாம். பட்டன் தேவையில்லை. இரண்டு மீட்டர் லுங்கியில் கவனமாக வெட்டினால் நாலு உறை வரும்.

அவள் மிஷினை மிதிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இதே வேலையை முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி லண்டன்ல நம்ம ஊரு சித்திரத் துணியில செஞ்சிருந்தா உனக்கு இருபது பவுன் அபராதம்டி" என்றேன். நம்பவில்லை. நம்பாதவர்கள் இன்னும் இருப்பார்கள் என்றுதான் இந்தப் பதிவு.

1639-ல் பிரான்சிஸ் டே என்ற கம்பெனிக்காரர் சென்னைக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம், இங்கே துணி மலிவாகக் கிடைத்தது. துறைமுக வசதி ஒன்றும் கிடையாது. அலையில் படகு கவிழும் கரை. துணிக்காகத்தான் அங்கே உட்கார்ந்தார்கள். சோழமண்டலக் கரையின் சித்திரத் துணியை அவர்கள் 'சின்ட்ஸ்' என்றார்கள். கட்டிலுக்கு விரிக்கும் பெரிய துணிக்கு 'பாலம்போர்' என்று பெயர். 'பலங்போஷ்', அதாவது கட்டில் விரிப்பு என்ற சொல் அவர்கள் வாயில் அப்படி ஆனது. லண்டன்வாசி சாமுவேல் பெப்பிஸ் தன் மனைவியின் அறைச் சுவரை அலங்கரிக்க இந்தியச் சித்திரத் துணி வாங்கியதை 1663-லேயே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வீட்டு அலங்காரம் ஒன்றும் யூடியூபில் பிறந்ததில்லை!

அந்தத் துணியில் அப்படி என்ன இருந்தது? துவைத்தால் சாயம் போகாது. ஐரோப்பாவில் அப்போது பருத்தியில் அப்படி நிற்கிற சிவப்பு போடத் தெரியாது. இங்கே துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப் பாலும் கலந்து ஊறவைத்துக் காய வைப்பார்கள். படிகாரக் கரைசலால் கோடு எழுதி, சாயவேரில் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் வெளுத்துவிடும். நீலம் வேண்டாத இடத்தை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இந்த வேலையை நம்மவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு 1742-ல் தன் நாட்டுக்குக் கடிதமாக எழுதி அனுப்பிவிட்டார். தொழில் ரகசியம் அப்படித்தான் கப்பல் ஏறுகிறது.

இந்தத் துணி போய் இறங்கியதும் அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் வயிற்றில் அடி விழுந்தது. பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டது. இங்கிலாந்து 1701-லிருந்து சித்திரத் துணி இறக்குமதியை நிறுத்தியது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? வெள்ளைத் துணியாக இறக்கி லண்டனிலேயே அச்சுப் போட்டு விற்றார்கள். 1719-ல் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். சித்திரத் துணி உடுத்திப் போன பெண்கள் மேல் மை ஊற்றினார்கள், அமிலம் கொட்டினார்கள், உடம்பிலிருந்தே துணியைக் கிழித்தார்கள்.

அப்புறம் வந்ததுதான் 1721-ஆம் வருஷத்துச் சட்டம். 1722 டிசம்பர் 25 முதல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தினால் ஐந்து பவுன். விற்றாலோ, வீட்டில் கட்டில், நாற்காலி, தலையணை, ஜன்னல் திரை என்று பயன்படுத்தினாலோ இருபது பவுன். முழுக்க நீலச் சாயம் தோய்த்த துணிக்கு விலக்கு இருந்தது.

அதற்காக இங்கே தறி நிற்கவில்லை. அங்கே இறக்கி வேறு நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்ய அனுமதி இருந்தது. 1734-ல் சென்னையில் கம்பெனியே நெசவாளர், நூற்பவர், சித்திரம் எழுதுபவர், வெளுப்பவர் எல்லோரையும் குடியேற்றி ஒரு ஊர் உண்டாக்கியது. சின்னத் தறிப் பேட்டை. இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. நம் ஊர்ப் பெயரிலும் பேட்டை இருக்கிறதே என்று என் பேத்தி கேட்டாள். கெட்டிக்காரி.

1774-ல் தடையைத் தளர்த்தினார்கள். யாருக்காக? ஆர்க்ரைட் போன்ற ஆலைக்காரர்களுக்காக. உள்நாட்டிலேயே நூற்று நெய்த பருத்தித் துணிக்கு மட்டும்தான் சலுகை. அடையாளத்துக்குத் துணியின் ஓரத்தில் மூன்று நீல இழை ஓட வேண்டும். கரையில் இழை எண்ணுவது என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இந்தியச் சித்திரத் துணி அப்போதும் குற்றவாளிதான். மறு வருஷமே டேவிட் காரிக் என்ற பெரிய நாடக நடிகர் வீட்டுக்கு அன்பளிப்பாக வந்த மசூலிப்பட்டினத்துக் கட்டில் திரைகளைச் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அந்தத் துணி இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும்போது முன்பெல்லாம் "பார்த்தீர்களா வெள்ளைக்காரன் அநியாயத்தை" என்று முடித்துவிடுவேன். பிறகு அப்படி முடிக்க வாய் வரவில்லை. பெண்ணின் உடம்பில் இருந்த துணியைக் கிழித்ததை மன்னிக்க முடியாது. ஆனாலும் ஸ்பிட்டல்பீல்ட்ஸ்காரனின் வயிறு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறி. அப்பா ஒன்றில், அம்மா ஒன்றில். தெருவில் விசைத்தறி வந்தபோது, ஒரு ஆள் நாலு தறியைப் பார்க்கிறதை அப்பா வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். வீட்டுக்குள் வந்து ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

நம் நாட்டிலும் சட்டம் வந்தது. 1985-ல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம். சேலை, வேட்டி, லுங்கி, துண்டு, ஜமக்காளம், படுக்கை விரிப்பு, வீட்டு அலங்காரத் துணி என்று குறிப்பிட்ட வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கினார்கள். விசைத்தறிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதற்குள் அப்பா ஒரு தறியை விறகு விலைக்குக் கொடுத்திருந்தார். இன்னொன்றின் குழியை மூடி அதன்மேல்தான் இப்போது என் தையல் மிஷின் நிற்கிறது. அப்பாவின் தம்பி மகன்கள் எல்லோரும் விசைத்தறிக்குப் போனார்கள். அந்தக் கூலியில்தான் அவர்கள் பிள்ளைகள் படித்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

பேத்தி நாலு உறையும் தைத்துவிட்டாள். ஒன்றில் மட்டும் ஓரத்தில் கட்டத்தோடு கட்டம் சேரவில்லை. பிரித்துத் தைக்கச் சொன்னேன். "பின்பக்கம்தானே ஆயா, யார் பாக்கப் போறாங்க" என்று சோபாவில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்பாவாக இருந்தால் அதன் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டார்.