தேமலா, வெண்புள்ளியா, தொழுநோயா? திருமணி சொல்லும் பாடம்

அழகுக்கலை படிப்பவர்களுக்குத் தோல் நோய்களை அடையாளம் காண்பதும் ஒரு பாடம். பரு, மரு, படை, மங்கு, தேமல் என்று பட்டியல் நீளும். அதில் "வெளிர் திட்டு" என்கிற ஒரு வரிக்குப் பின்னால் நம்ம பக்கத்து வரலாறு ஒன்று இருக்கிறது.

நடவாவிக் கிணறு இருக்கிற ஐயங்கார்குளம் இன்றைக்குக் காஞ்சிபுரம் மாவட்டம். 1997-க்கு முன்னால் இதெல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். அந்தச் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், திருமணியில், 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1955-இல் மத்திய அரசு அதை எடுத்துக்கொண்டு, தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றியது. அங்கே சொல்லிக்கொடுத்த அடிப்படைப் பாடங்களில் ஒன்று: திட்டின் நிறத்தை மட்டும் பார்க்காதே, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்.

இது ஏன் முக்கியம்? குழப்பம் பெயரிலேயே இருந்தது. பழைய வைத்திய நூல்களில் குட்டம் 18 வகை. பலவிதத் தோல் நோய்களுக்கு அந்த ஒரே சொல்தான். மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், ரெண்டு வேறு விஷயத்துக்கு ஒரே பெயர் வைத்தால் எங்கேயாவது இடிக்கும்னு. இங்கே இடித்தது மனிதர்கள் மேல். வெண்புள்ளியை "வெண்குஷ்டம்" என்று சொல்லியே எத்தனையோ கல்யாணங்கள் நின்றுபோயிருக்கின்றன. ஆனால் அது தொற்றவே தொற்றாது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் அந்த இடம் பால் மாதிரி வெளுக்கிறது, அவ்வளவுதான். உணர்ச்சி அப்படியே இருக்கும்.

தேமல் ஒரு பூஞ்சை. முதுகு, மார்பு, கழுத்தில் வரும். லேசாகச் சுரண்டினால் பொடிப்பொடியாகச் செதில் உதிரும்.

தொழுநோய்த் திட்டு முழு வெள்ளையாக இருக்காது. மங்கலாகவோ சிவந்தோ இருக்கும். அரிக்காது, வலிக்காது. அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை. காரணம், கிருமி நரம்பைத் தாக்குகிறது. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டு, "எங்கே தொட்டேன்?" என்று கேட்பதுதான் பழைய பரிசோதனை. விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. சுட்டாலும் வெட்டினாலும் தெரியாததால் புண்ணாகிப் புண்ணாகித்தான் குறைகின்றன.

ஊர் பயந்தது பளிச்சென்று தெரிந்த வெள்ளையைப் பார்த்து. கவனிக்க வேண்டியதோ சத்தமில்லாத மங்கல் திட்டு.

பார்லரில் வேலை செய்கிறவர் நோயைத் தீர்மானிக்க வேண்டாம். அது மருத்துவர் வேலை. முகத்தில் உள்ள திட்டில் உணர்ச்சிக் குறைவு எளிதில் தெரியாது. எல்லாத் தொழுநோய்த் திட்டும் மரத்துப்போகும் என்பதும் இல்லை. அதனால் "தொட்டால் தெரியுது, பரவாயில்லை"ன்னு ப்ளீச் போட்டு மறைக்கக் கூடாது. வாடிக்கையாளரின் கழுத்தையும் முதுகையும் அவர் கண்ணுக்கே தெரியாத கோணத்தில் பார்ப்பது நீங்கள்தான். நாலு பேர் முன்னால் சொல்லாமல், தனியாக, "இதை டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிடுங்க அக்கா" என்றால் போதும். கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். சீக்கிரம் தொடங்கினால் கையும் காலும் தப்பிக்கும்.