காப்பி கிளப்பில் யார் அமரலாம்?

வார இறுதிக் காலைச் சிற்றுண்டி நம் நகரங்களில் ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஞாயிறன்று எட்டு மணி தாண்டிவிட்டால் தெருமுனைச் சிற்றுண்டிச் சாலையில் இடம் கிடைப்பதே அரிது. இரண்டு இட்லி, ஒரு வடை, நெய் மணக்கும் பொங்கல், முறுகலாய் ஒரு தோசை, முடிவில் டவராவில் நுரை ததும்பும் ஃபில்டர் காப்பி. எதிரே அமர்ந்திருப்பவர் எந்த ஊர், என்ன சாதி என்று நாம் கேட்பதில்லை. அவரும் நம்மைக் கேட்பதில்லை. 'கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்' என்பதோடு அறிமுகம் முடிந்துவிடுகிறது.

இக்காட்சி தொன்றுதொட்டு வருவது என்றொரு மயக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. ஆனால் அந்த மேசையின்மீது உள்ளவற்றுள் வயதில் மிக இளையது எது என்று கேட்டால், அது இட்லியும் அன்று, காப்பியும் அன்று. யார் வேண்டுமானாலும் அங்கு அமரலாம் என்னும் உரிமைதான் அது. அவ்வுரிமை எப்படி வந்தது என்பதைச் சற்றே பின்னோக்கிச் சென்று பார்ப்போமா?

முதலில் இலையில் உள்ளவற்றைப் பார்த்துவிடுவோம். விலைக்கு உணவு விற்பது தமிழகத்துக்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரில் பிட்டு விற்கும் காழியரும் அப்பம் விற்கும் கூவியரும் இருக்கின்றனர். மதுரைக்காஞ்சியின் அங்காடிகளிலும் தின்பண்டங்களுக்குக் குறைவில்லை. திருமலைக் கோயிலின் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் அப்பப்படி, அதிரசப்படி ஆகியவற்றோடு தோசைப்படியும் இடம்பெறுகிறது. இட்லியின் பெயரை நினைவூட்டும் சொற்கள் 10 ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையிலும், 12 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசத்திலும் வருகின்றன. எனினும் அவை உளுந்துப் பண்டங்கள் என்றும், அரிசியையும் உளுந்தையும் சேர்த்து அரைத்துப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைக்கும் இன்றைய முறை அவற்றில் தென்படவில்லை என்றும் உணவு வரலாற்றறிஞர் கே.டி. அச்சயா சுட்டிக்காட்டினார். சட்டினிக்குக் காரம் தரும் மிளகாயும், மசால் தோசைக்குள் இருக்கும் உருளைக்கிழங்கும், சாம்பாரில் மிதக்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியரின் கப்பல்கள் வழியே வந்தவை. ஆக, 'பாரம்பரியச் சிற்றுண்டி' என்று நாம் பெருமையோடு சொல்லும் தட்டில் பல நூற்றாண்டுகளும் பல கடல்களும் கலந்திருக்கின்றன!

காப்பியின் கதை இன்னும் அண்மையது. ஏமன் நாட்டிலிருந்து பாபா புதான் என்னும் சூஃபித் துறவி ஏழு கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலைகளில் நட்டார் என்பது செவிவழிக் கதை. 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் குடகு, வயநாடு, நீலகிரி, சேர்வராயன் மலைகளில் தோட்டங்களை அமைத்தபோது அவர்கள் கண்முன் இருந்தது ஐரோப்பியச் சந்தையே. இலங்கையின் மலையகத்திலும் அப்படித்தான். தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் கங்காணிகளின் பின்னே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்து சென்றது, பலர் வழியிலேயே மடிந்தது, முதலில் தேயிலைக்காக அன்று; காப்பிக்காக. 1869 இல் அங்குக் காணப்பட்ட இலைத்துரு நோய் அத்தோட்டங்களை அழித்த பின்னரே தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அவ்வாறு சென்றவர்களுள் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம். இதன் பொருள் பின்னர் விளங்கும்.

காப்பி தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தது 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும். அது நடுத்தர வகுப்பின் அடையாளமாக உருவெடுத்த கதையை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். காலையில் பழையது உண்டவர்கள் காப்பிக்கு மாறியதைக் கண்டு பெரியவர்கள் கலங்கினார்கள், இளையவர்கள் பருகினார்கள். நமது அக்கறை காப்பியைவிட அதைக் குடித்த இடத்தின்மீது. எனவே காப்பி கிளப்புக்குச் செல்வோம்.

அதற்கு முன்னர் வழிப்போக்கர்களுக்கு உணவு எங்கே கிடைத்தது? பெரும்பாலும் சத்திரங்களில். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1802 இல் ஒரத்தநாட்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சத்திரத்துச் சோற்றுக்கு விலை இல்லை. ஆனால் சத்திரங்களில் பந்திக்குச் சாதி உண்டு. சோற்றை விற்பது இழுக்கு என்னும் எண்ணமும் ஆழமாக வேரூன்றியிருந்தது. 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட இரயில் இவ்வேற்பாட்டை மெல்ல மெல்லக் கலைத்தது. மாட்டுவண்டியில் போனவர் சாதிசனத்தின் வீட்டில் தங்கலாம், சத்திரத்தில் உண்ணலாம். ஒரே பெட்டியில் நூறு பேராகப் பயணம் செய்து ஊர்பேர் தெரியாத நிலையத்தில் இறங்குகிறவர் என்ன செய்வார்? வழக்குக்காகவும் வேலைக்காகவும் படிப்புக்காகவும் தனியே பட்டணம் வந்தவர்களின் நிலையும் அதுவே. உணவுக்கு விலை வந்தது. காப்பி கிளப்பும் பிறந்தது.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. யார் சமைத்தால் எல்லோரும் உண்பார்கள்? தம்மினும் தாழ்ந்தவர் எனக் கருதப்பட்டவர் கையால் உண்ணக்கூடாது என்பது விதியாக இருந்த சமூகத்தில், பிராமணச் சமையற்காரர் சமைத்ததை ஏறக்குறைய எவரும் மறுக்கமாட்டார். ஆகவே 'பிராமணாள் காப்பி கிளப்' என்னும் பெயர்ப்பலகை நல்ல விளம்பரமாயிற்று. அதே பலகை ஓர் எல்லைக்கோடாகவும் அமைந்தது. பல கடைகளில் பிராமணர்களுக்கு உள்ளே தனியிடம், பிறருக்கு முன்கூடம் என்ற பிரிவு இருந்தது. தாழ்த்தப்பட்டோருக்கோ உள்ளே இடமே இல்லை. கடைக்கு வெளியே நின்று தனிக் குவளையில் வாங்கிக் குடிக்க வேண்டும். சேர்வராயன் மலையிலும் மாத்தளையிலும் காப்பிப் பழம் பறித்தவர்களின் உறவினர், சமவெளியில் அக்காப்பியை அமர்ந்து குடிக்க முடியாமல் தெருவில் நின்றனர்! நாம் அழகுப் பொருளாகப் போற்றும் டம்ளரின் வெளிவளைந்த விளிம்பும் அண்ணாந்து, வாய்படாமல், எச்சிலாகாமல் குடிக்கத் தோதானது. எச்சில் குறித்த அச்சம் பாத்திரத்தின் வடிவம் வரைக்கும் சென்றிருக்கிறது.

உடன் அமர்ந்து உண்ணல் எத்துணை பெரிய சிக்கலாய் இருந்தது என்பதற்கு 1924-25 இல் எழுந்த சேரன்மாதேவி குருகுல விவகாரமே சான்று. வ.வே.சு. ஐயர் நடத்திய அந்தத் தேசியக் கல்விக்கூடத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனிப்பந்தி வைக்கப்பட்டதென்ற செய்தி தமிழக அரசியலின் போக்கையே மாற்றிற்று. பந்தியில் தொடங்கிய பிளவு பந்தியோடு நிற்கவில்லை. இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளிலும் 'பிராமணர்', 'இதரர்' என்று தனித்தனி இடங்கள் இருந்தன. சுயமரியாதை இயக்கத்தின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941 இல் அப்பிரிவினை நீக்கப்பட்டது.

அடுத்துச் சட்டம் வந்தது. 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15 ஆம் பிரிவு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி, மத அடிப்படையில் எவரையும் தடுக்கலாகாது என்கிறது. 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்துக்குள் உணவகம் என்னும் சொல் ஏன் நுழைந்தது என்று வியப்பவர்கள், மேலே சொன்ன காப்பி கிளப்பை நினைத்துப் பார்க்க வேண்டும். 1955 இல் இயற்றப்பட்ட தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், உணவகத்துக்குள் விட மறுப்பதையும் அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

இவ்வரலாற்றில் 1957 ஆம் ஆண்டைத் தனியே குறிப்பிட வேண்டும். அவ்வாண்டு மே மாதத்தில் சென்னை திருவல்லிக்கேணியிலிருந்த முரளி கபேயின் முன், 'பிராமணாள்' என்னும் சொல்லைப் பெயர்ப்பலகையிலிருந்து நீக்கக் கோரிப் பெரியாரின் திராவிடர் கழகம் மறியலைத் தொடங்கியது. நாள்தோறும் தொண்டர்கள் வந்தார்கள், கைதானார்கள். மறுநாள் வேறு தொண்டர்கள் வந்தார்கள். பல மாதங்கள் நீடித்த மறியலின் முடிவில் அச்சொல் போயிற்று. ஒரு பலகைக்கு இத்தனை போராட்டமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. இன்று கேட்பவர்களும் உண்டு. சமைப்பவரின் சாதியைச் சொல்லி உணவின் தூய்மைக்கு உறுதி கூறுவது, மற்றவர் சமைத்தது தூய்மையற்றது என்று சொல்லாமல் சொல்வதாகும் என்பதே போராடியவர்களின் விடை.

அதே 1957 இல் காப்பி வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை மூட முற்பட்டது. 1936 இல் பம்பாயில் தொடங்கிய அக்கடைகளின் ஊழியர்கள் வேலையிழந்து நின்றபோது, பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் துணைநிற்க, அவர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து நடத்த முன்வந்தனர். பரிமாறியவர்களே உரிமையாளர்கள் ஆன விந்தை அது. கேரளத்திலும் கல்கத்தாவிலும் இன்றும் 'இந்தியன் காப்பி ஹவுஸ்' என்ற பெயரில் நாம் காண்பவை அதன் தொடர்ச்சி.

கடல் கடந்தும் ஒரு 1957 உண்டு. அவ்வாண்டில் இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் வந்தும் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகள் பல திறக்கவில்லை. 1967 இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் சங்கானை, சாவகச்சேரி முதலிய இடங்களில் தேநீர்க் கடை நுழைவுப் போராட்டங்களை நடத்தியது. அவை வன்முறையையும் உயிரிழப்பையும் சந்தித்தவை. அவ்வியக்கத்தில் முன்னின்றவர்களுள் ஒருவரான கே. டானியல்தான் பின்னர் 'பஞ்சமர்' நாவலை எழுதினார். ஈழத்து இலக்கியத்தின் ஒரு முக்கியக் கிளை தேநீர்க் கடை வாசலில் முளைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

வாசலில் நின்றவர்கள் இன்னும் இருவர் உளர். ஒருவர் பெண். காப்பி கிளப் நெடுங்காலம் ஆண்களின் இடம். பெண்கள் வந்தால் 'ஃபேமிலி ரூம்' என்னும் தடுப்புக்குள்தான் அமர முடிந்தது. மற்றவர் கடையின் ஊழியர். வார விடுமுறையே நமக்கு எளிதில் வந்ததன்று. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் ஆலைத் தொழிலாளர் போராடி 1890 இல் பெற்றது ஞாயிறு விடுமுறை. ஆனால் நாம் ஞாயிறு கொண்டாடும் வேளையில் கல்லின் முன் நிற்பவருக்கு அன்று ஓய்வில்லை. உணவகத் தொழிலாளர்களின் வேலைநேரத்துக்கும் வார ஓய்வுக்கும் சென்னை மாநிலத்தில் 1958 இல்தான் தனிச்சட்டம் வந்தது. இன்று நம் மேசைக்குத் தண்ணீர் கொண்டுவரும் இளைஞர் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்தவர். ஊர்பேர் தெரியாத நிலையத்தில் இறங்கிய அந்தப் பழைய பயணியின் இடத்தில் இப்போது அவர் இருக்கிறார்.

இவையெல்லாம் முடிந்துபோன கதைகளா? 2012 இல் திருவரங்கத்தில் 'பிராமணாள்' என்ற சொல்லோடு ஓர் உணவகப் பலகை எழுந்து, மீண்டும் போராட்டம் நிகழ்ந்தது. சிற்றூர்களில் இரட்டைக் குவளை முறை நீடிப்பதைக் கள ஆய்வாளர்கள் இந்த நூற்றாண்டிலும் பதிவு செய்திருக்கிறார்கள். சில இடங்களில் குவளைக்குப் பதில் தூக்கியெறியும் காகிதக் கோப்பை வந்தது. கோப்பை மாறியதே தவிர, மனம் மாறிற்றா என்பதை அந்தந்த ஊரார்தாம் சொல்ல வேண்டும்.

பழைய உணவகங்களின் வரலாற்றை எழுதும்போது சாம்பாரின் சுவையையும் காப்பியின் மணத்தையும் பற்றி எழுதுவது இனிது. நாமும் அச்சுவைக்கு அடிமைகளே, மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிற்றுண்டிச் சாலையின் வரலாற்றில் உணவுப் பட்டியல் ஒரு பாதியே. யார் உள்ளே அமர்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள், வெளியே நின்றவர் எப்போது, எவ்வாறு உள்ளே வந்தார் என்பது மறுபாதி. நம் ஊர்களில் அந்நாளைய கடைகளைக் கண்ட முதியோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்த இரண்டாம் பாதியைக் கேட்டு எழுதிவைப்பது வரலாற்றில் ஆர்வமுள்ள நம் ஒவ்வொருவரின் கடமையாகும். கல்வெட்டுகள் காத்திருக்கும்; மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள்.