லூக்காஸின் 39 இலக்க எண்

1772-இல் கணித மேதை ஆய்லர் பகா எண் என்று நிறுவிய 2,147,483,647-க்குப் பத்தே இலக்கங்கள். 1876-இல் எதுவார் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கையில் எடுத்ததோ 39 இலக்க எண்:

170,141,183,460,469,231,731,687,303,715,884,105,727.

127 இரண்டுகளைப் பெருக்கி (அதாவது அடுக்கு 127) ஒன்றைக் கழித்தால் வருவது இது. மெர்சென் என்ற பாதிரியார் 1644-இலேயே இதைத் தம் பகா எண் பட்டியலில் சேர்த்துவிட்டார்; நிரூபணம் மட்டும் தரவில்லை. அந்தப் பட்டியலை அப்படியே நம்பவும் முடியாது. 67, 257 என்ற அடுக்குகளைத் தவறாகச் சேர்த்தவர், 61, 89, 107 ஆகியவற்றை விட்டுவிட்டார்.

ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்க்கலாமே என்றால், அதன் வர்க்கமூலம் வரை, அதாவது ஏறத்தாழ 13-க்குப் பின் 18 சுழியங்கள் போட்ட எண் வரை போகவேண்டும். நொடிக்கு ஒன்று வகுத்தாலும் 40,000 கோடி ஆண்டுகள் ஆகும்!

லூக்காஸ் வகுஎண்ணைத் தேடவே இல்லை. அவர் வழியை 127 என்ற சிறிய எண்ணில் பார்க்கலாம். அது ஏழு இரண்டுகளின் பெருக்கலான 128-ஐவிட ஒன்று குறைவு. 3-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழிக்க வேண்டும். விடை 127-ஐத் தாண்டினால் மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 3, 7, 47 என்று போய் 2207 வருகிறது. இதன் மீதியைக் காண 127-ஆல் வகுக்கக்கூடத் தேவையில்லை. 2207 என்பது 17 முறை 128, அதோடு 31. அந்த 17-ஐயும் 31-ஐயும் கூட்டினால் 48, அதுதான் மீதி. அடுத்து 16, அதற்கடுத்து சுழியம். ஐந்தாவது படியில் சுழியம் வந்ததால் 127 பகா எண். 39 இலக்க எண்ணுக்கும் இதே வித்தைதான், 125 படிகள். கடைசிப் படியில் சுழியம் வந்தது.

1914-இல் போக்கம்பெர்க் என்பவர் மறுபடி கணக்கிட்டு அதை உறுதி செய்தார். 1930-இல் லெமர் என்பவர் இம்முறையைச் செப்பனிட்டார். இத்தகைய எண்களைச் சோதிக்கும் இம்முறையை இன்றும் லூக்காஸ், லெமர் ஆகிய இருவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

இந்தச் சோதனையில் ஒரு வினோதம் உண்டு. 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் பகா எண் அல்ல என்று லூக்காஸ் அதே 1876-இல் காட்டினார். ஆனால் அதன் காரணிகள் என்னவென்று அவருக்கே தெரியாது. 1903-இல் நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டத்தில் ஃபிராங்க் கோல் என்பவர்தான் 193,707,721-ஐயும் 761,838,257,287-ஐயும் பெருக்கினால் அந்த எண் வருவதைக் காட்டினார்.

லூக்காஸின் எண் 75 ஆண்டுகள் அறியப்பட்ட மிகப்பெரிய பகா எண்ணாக இருந்தது. 1951-இல் ஃபெரியே என்பவர் கணக்கிடும் எந்திரத்தைக் கொண்டு 44 இலக்க எண் ஒன்றைக் கண்டார். அதே ஆண்டில் மில்லர், வீலர் என்ற இருவர் எட்சாக் என்ற கணினியில் 79 இலக்கங்களைத் தொட்டார்கள். எந்திரமே இல்லாமல் நிறுவப்பட்ட பகா எண்களில் லூக்காஸின் எண்ணே இன்றும் முதலிடத்தில் இருக்கிறது.