ஆயுதம் ஏந்தாத மாணவர் சேனை



அமெரிக்கக் கல்லூரிகளைப் பற்றிப் படித்தவர்கள், அங்குள்ள கிரேக்க எழுத்துச் சங்கங்களைக் குறித்தும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்வியிற் சிறந்தோரைத் தேர்ந்து பதக்கம் அணிவித்துத் தம்முள் ஒருவராக ஏற்றுக்கொள்ளும் சங்கங்களும் அவற்றுள் உண்டு. அவற்றுள் மூத்தது பை பீட்டா கப்பா. 1776ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் வர்ஜீனியாவிலுள்ள வில்லியம் அண்டு மேரி கல்லூரியின் மாணவர் சிலர் கூடி அதனைத் தொடங்கினர். அமெரிக்கா தன் சுதந்திரத்தை அறிவித்து அப்போது ஐந்து மாதங்களே கழிந்திருந்தன. தொடக்கத்தில் இரகசியக் கைகுலுக்கல், உறுதிமொழி, பதக்கம் யாவும் அதற்கு இருந்தன. யுத்தம் கல்லூரியை நெருங்கவே, 1781இல் தாய்க்கிளை கலைந்து போயிற்று. ஆயினும் அதற்குள் யேல், ஹார்வர்டு ஆகிய இரு கல்லூரிகளில் கிளைகள் தொடங்க அனுமதி வழங்கப்பட்டிருந்தமையால் சங்கம் பிழைத்தது. பெண்களை உறுப்பினராக ஏற்க அதற்கு 1875ஆம் ஆண்டு வரை மனம் வரவில்லை.

பதக்கத்தின் ஆசை எனக்கும் புதிதன்று. திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு பள்ளியில் நான் படித்தபோது, வகுப்பில் முதலாவதாக வந்தவனுக்குப் பித்தளைப் பதக்கம் ஒன்றைச் சட்டையில் குத்துவார்கள். ஓராண்டு அது என் சட்டையில் ஏறிற்று. எனக்கு அடுத்தவனாக வந்தவன் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. விடியுமுன் தந்தைக்குத் தறியில் துணை செய்துவிட்டு, நடந்தே பள்ளிக்கு வருவான். எங்களிடையே இருந்த வேறுபாடு ஆறு மதிப்பெண். அதுவரை ஒரே பலகையில் அமர்ந்திருந்த நாங்கள், அந்தப் பதக்கம் வந்த நாளிலிருந்து ஒருவரோடொருவர் பேசவில்லை. அவன்மேல் குற்றமில்லை. பதக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு திரிந்தவன் நான்தான்.

கல்லூரியில் சேர்ந்த பின்னர் நண்பர்களோடு காந்திகிராமத்துக்கு ஒருமுறை சென்றேன். திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் சாலையில், சின்னாளப்பட்டிக்கும் அம்பாத்துரைக்கும் அருகே, சிறுமலையின் அடிவாரத்தில் அமைந்த இடம் அது. அங்கே மாணவரும் மாணவியரும் துடைப்பமும் கூடையுமாகத் தெருவொன்றைக் கூட்டிக்கொண்டிருந்தனர். அவர்களுள் முதல்வன் யார், கடையன் யார் என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. ‘இவர்கள் சாந்தி சேனையினர்’ என்றார் உடன் வந்தவர். அன்று முதல் அச்சேனையின் வரலாற்றை அறிய விரும்பினேன்.

காந்திகிராமத்தை 1947ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நிறுவியவர்கள் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் ஆவர். அம்மையார் டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளமையில் கணவரை இழந்து, பின் டில்லியில் மருத்துவம் பயின்றவர். ராமச்சந்திரன் கேரளத்துக்காரர், சாந்திநிகேதனத்தில் தாகூரிடம் பயின்றவர். 1924இல் டில்லியில் காந்தியடிகளிடம் கலையைப் பற்றி இவர் துணிந்து கேட்ட கேள்விகள் அறிஞர்களால் இன்றும் எடுத்துக் காட்டப்படுகின்றன. செல்வக் குடும்பத்து மகள் ஒருவர் ஒரு நெசவூரின் பக்கத்தில் சிறு வைத்தியசாலை நடத்தத் தொடங்கினார். அதிலிருந்தே மற்றவை யாவும் வளர்ந்தன. நாட்டுப்புறத்துக்கு ஏற்ற உயர்கல்வி வேண்டும் என்று டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949இல் பரிந்துரைத்திருந்தது. அதன் வழியில், 1956இல் காந்திகிராமக் கிராமியக் கல்வி நிலையம் பிறந்தது.

சாந்தி சேனை என்னும் எண்ணம் காந்தியடிகளுடையது. கலகம் மூளும் இடத்தில் துப்பாக்கிக்குப் பதிலாகத் தம் உடலையே குறுக்கே வைக்கும் தொண்டர் படை ஒன்று வேண்டும் என்று 1938இல் அவர் எழுதினார். அதற்கு உருவம் தருமுன் 1948 ஜனவரியில் அவர் மறைந்தார். 1956, 57ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் தமிழ்நாட்டில் பூமிதானத்துக்காக நடந்த வினோபா பாவே, இங்கிருந்து கேரளம் சென்றார். 1957இல் அங்கே சாந்தி சேனையைத் தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் மாதம் அன்று நம் அண்டை மாவட்டமாயிருந்த இராமநாதபுரத்தில் முதுகுளத்தூர்க் கலவரம் மூண்டது. ஆகவே, கலகத்தின் நடுவே நிற்கும் படை என்பது நம் பக்கத்தார்க்கு ஏட்டுச் செய்தியாக இருந்திருக்க முடியாது.

வினோபாவின் சேனை ஊரூராகச் செல்லும் தொண்டருக்கானது. அதனை மாணவர்க்கு உரியதாக ஆக்கியது ராமச்சந்திரனின் தனிச் சிறப்பு. சீருடை உண்டு, அணிவகுப்பு உண்டு, உறுதிமொழி உண்டு. ஆயுதம் மட்டும் இல்லை. முதலுதவி, துப்புரவு, கூட்டத்தை ஒழுங்குபடுத்துதல், கிராம முகாம், பிணக்குத் தீர்த்தல் முதலியவை பயிற்சி. நம் நாட்டில் தேசிய மாணவர் படை 1948இல் தொடங்கப்பெற்றது. சீனப் போருக்குப் பின், 1963இல், அது கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாயிற்று. நாடெங்கும் இளைஞர் துப்பாக்கி தூக்கி நடை பழகிய அந்நாளில், வெறுங்கையோடு அணிவகுப்பதைப் பேடித்தனம் என்று நகைத்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்த நகைப்பைத் தாங்கிக்கொள்வதும் ஒரு பயிற்சியே என்பது என் எண்ணம். அக்காலத்தில், 1962 முதல் 1967 வரை, திண்டுக்கல் தொகுதியின் உறுப்பினராய் மக்களவையில் அமர்ந்து, மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் விளங்கியவர் சௌந்தரம் அம்மையார். காந்தி நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. சின்னாளப்பட்டித் தெருக்களில் முன்னரே நடந்து வந்த வேலை அதனோடு ஒத்திருப்பதை நீங்களே காணலாம்.

இனி ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். வினோபாவின் பெரிய சேனை நெடுநாள் நீடிக்கவில்லை. 1972இல் சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளையர் நூற்றுக்கணக்கில் ஜெயப்பிரகாசர் முன் ஆயுதம் வைத்தபோது, அதன் புகழ் உச்சத்தில் இருந்தது. ஈராண்டில் பீகார்ப் போராட்டம் வந்தது. வினோபாவும் ஜெயப்பிரகாசரும் கருத்து வேறுபட, சர்வோதய இயக்கமே இரண்டாகப் பிளந்தது. பிணக்குத் தீர்க்கப் புறப்பட்ட படை தன் வீட்டுப் பிணக்கைத் தீர்க்க இயலாமல் தளர்ந்தது. காந்திகிராமத்து மாணவர் சேனையோ நிலைத்தது. 1976இல் அந்நிலையம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த பின்னும், பேராசிரியர் என். ராதாகிருஷ்ணன் போன்றோர் பொறுப்பில் அது வளர்ந்தது. ஆண்டுதோறும் புதியவர் வந்து புதிதாக உறுதி கூறவேண்டிய ஏற்பாடே அதற்கு ஆயுளைத் தந்தது போலும்.

ஆனால் அந்த ஏற்பாட்டிலேயே ஓர் இடர்ப்பாடும் உண்டு. அதனை மறைப்பது வரலாறு சொல்வோனுக்கு அழகன்று. விரும்பி எடுக்கும் உறுதி, பாடத்திட்டத்தின் ஒரு கூறாக அமையும்போது, வருகைப் பதிவேட்டில் ஒரு கோடாகச் சுருங்கிவிடக்கூடும். அமெரிக்கச் சங்கம் சிலரையே சேர்த்துப் பலரை வெளியே நிறுத்தியது. இங்கோ அனைவர்க்கும் கதவு திறந்திருப்பதால், உள்ளே நுழைவதற்கு ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி எளிதில் மறந்து போகிறது. இவ்விரண்டில் எந்தக் குறை பெரிது என்று பல நாள் எண்ணியிருக்கிறேன். என் தீர்ப்பு நிலையாக நிற்பதில்லை.

அன்று காந்திகிராமத்திலிருந்து திரும்பும்போது, சின்னாளப்பட்டியில் இறங்கி அந்தத் தறிக்காரர் வீட்டைத் தேடிச் சென்றேன். என் பழைய நண்பன் குழிக்குள் கால் வைத்துத் தறியில் அமர்ந்திருந்தான். என்னைக் கண்டதும் நாடாவை நிறுத்தினான். ‘வா, உட்கார்’ என்று சொல்லிப் பக்கத்தில் இடம் ஒதுக்கினான்.